கழுத்துக் கட்டியும் ஊசி முனையும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. அறப்பளீசுவரர் கோயில் கொண்டிருக்கும் மலை. பலாவும் மிளகும் விளையும் அந்தக் குளிர்ந்த பூமியைக் காண ஏறுகிறவர்களுக்கு 70 வளைவுகளும் வேடிக்கை. உடம்பில் ஒரு கோளாறுடன் அங்கிருந்து இறங்குகிறவர்களுக்கோ ஒவ்வொரு வளைவும் ஒரு யோசனை.

கழுத்தில் தோன்றும் கட்டி விஷயத்தில் இந்த யோசனை நீண்டுகொண்டே போகும். காரணம், அது அநேகமாக வலிப்பதில்லை. மலைமேல் ஒரு கிராமத்துத் தாய், நாற்பது வயதுக்காரி, தாலிச் சரடு படியும் இடத்துக்குச் சற்று மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டியைத் தடவிப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எச்சில் விழுங்கினால் கட்டியும் கூடவே ஏறி இறங்குகிறது. அவள் மனத்தில் எழும் கேள்விகள் மூன்று. இது புற்றா? அறுக்க வேண்டியிருக்குமா? ஆஸ்பத்திரிக்குப் போனால் எத்தனை நாள் கூலி போகும்?

முதல் இரண்டுக்கும் இன்று பதில் சொல்வது பெரும்பாலும் ஒரு மெல்லிய ஊசி.

கட்டி ஏன் வருகிறது?

குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப் பூச்சி இறகு விரித்தாற்போல் அமர்ந்திருப்பது தைராய்டு சுரப்பி. சுமார் 20 கிராம் எடைதான். உடலின் சூட்டையும் சுறுசுறுப்பையும் நிர்வகிக்கும் ஹார்மோனை அது தயாரிக்கிறது. அதற்கு வேண்டிய கச்சாப் பொருள் அயோடின். மலைச் சரிவுகளில் மழை மண்ணிலுள்ள அயோடினை அரித்துக்கொண்டு போய்விடும். இமயமலை அடிவாரத்தில் கழுத்து வீக்கம் ஊருக்கு ஊர் காணப்பட்டதன் காரணம் இதுதான். காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி.ராமலிங்கசுவாமியும் குழுவினரும் அயோடின் கலந்த உப்பை வழங்கிப் பார்த்தார்கள், வீக்கம் குறைந்தது. 1962-ல் தேசிய அளவில் திட்டம் தொடங்கியது. இன்று சட்டப்படி, சமையலறைக்கு வந்து சேரும் உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும்.

கடலில் விளைந்த கல் உப்புத்தானே, அதில் அயோடின் இல்லாமலா போகும் என்று வாதாடுவோர் உண்டு. கடற்பாசியில் அது ஏராளம். பாத்தியில் விளையும் உப்பில் மிகச் சொற்பம். இன்னொன்று: கொல்லிமலையில் சாமை விளைந்த வயல்கள் பலவற்றை இப்போது மரவள்ளி பிடித்துக்கொண்டிருக்கிறது. கிழங்கு பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது என்பது வேறு விஷயம். ஆனால் அதையே முக்கிய உணவாகக் கொண்டு, அயோடினும் போதாமல் இருந்தால், கிழங்கிலிருந்து உடலில் உண்டாகும் தயோசயனேட் என்ற பொருள் தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும்.

ஆனாலும் கழுத்துக் கட்டிகள் எல்லாவற்றுக்கும் அயோடின் குறைவே காரணம் என்று சொல்ல முடியாது. உப்புக்குக் குறைவில்லாத தேசங்களிலும் அவை சர்வ சாதாரணம். நூறு கட்டிகளில் தொண்ணூறுக்குக் குறையாமல் தீங்கற்றவை. மீதியைக் கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

ரத்தம், ஒலி, ஊசி

முதலில் ரத்தப் பரிசோதனை. தைராய்டை வேலை வாங்கும் மேஸ்திரி மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது அனுப்பும் கட்டளைதான் டி.எஸ்.எச். கட்டளை மிகக் குறைந்திருந்தால், கட்டியே தன்னிச்சையாக ஹார்மோனைச் சுரக்கிறதோ என்று சந்தேகம். கதிரியக்கப் படம் அதை உறுதி செய்யும். அப்படிப்பட்ட கட்டியில் புற்று அபூர்வம், ஊசியே வேண்டியதில்லை. கட்டளை சரியாகவோ அதிகமாகவோ இருந்தால், ஒலி அலைப் படம் எடுத்து, ஓரம் கரடுமுரடாக இருக்கிறதா, உள்ளே சுண்ணாம்புப் பொடி போன்ற புள்ளிகள் உண்டா, அகலத்தைவிட உயரம் மிகுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ஊசி.

அதன் விட்டம் சுமார் அரை மில்லிமீட்டர். ரத்தம் எடுக்கும் ஊசியைவிடப் பெரும்பாலும் மெல்லியது. கட்டிக்குள் இரண்டு மூன்று தடவை செலுத்தி, சில துளிகளை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவுகிறார்கள். சில தகடுகள் காற்றில் உலரும். சில ஸ்பிரிட்டில் மூழ்கும். சில நிமிஷ வேலை. அம்மா அன்றே வீட்டுக்குப் போகலாம்.

நியூயார்க்கில் மார்ட்டினும் எல்லிஸும் 1930-ல் இம்மாதிரி ஊசியால் கட்டிகளைச் சோதித்ததை எழுதினார்கள். அவர்கள் ஊசி தடித்தது. மெல்லிய ஊசியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த பெருமை சுவீடன் நாட்டு டாக்டர்களுக்கு உரியது. ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற பயம் அன்று மருத்துவர்களுக்கே இருந்தது. கிராமங்களில் இன்றும் இருக்கிறது. தைராய்டைப் பொறுத்தவரை அப்படி நேர்வது மிக மிக அரிது.

நுண்ணோக்கியில் தகட்டைப் பார்க்கும் நிபுணர், பெதஸ்டா முறைப்படி ஆறு வகுப்புகளில் ஒன்றைக் குறிப்பிடுவார். 2023-ல் வந்த பதிப்பின்படி, இரண்டாம் வகுப்பில் புற்று இருக்க வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 4, ஐந்தாவதில் 74, ஆறாவதில் 97. முதல் வகுப்பு என்றால் அணுக்கள் போதவில்லை, மறுபடி ஊசி என்று பொருள். மூன்றும் நான்கும்தான் தலைவலி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஃபாலிக்குலர் வகைக் கட்டியில் மட்டும் அந்தப் பழமொழி பலிக்காது. அணுவின் முகத்தைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று கூற முடியாது. பலாப்பழத்துக்குத் தோல் இருப்பதுபோல் கட்டிக்கும் ஓர் உறை உண்டு. அணுக்கள் அந்த உறையையோ ரத்தக் குழாயையோ துளைத்திருக்கின்றனவா என்பதே கேள்வி. அதற்குக் கட்டியையே வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் ஆய்வுக்கூடத்தின் மற்ற அடையாளங்கள் துணைக்கு வருகின்றன. எடுத்த அணுக்களில் பிராஃப் என்ற ஜீனில் குறிப்பிட்ட ஒரு மாறுதல் காணப்பட்டால் பாப்பில்லரிப் புற்று என்பது ஏறக்குறைய நிச்சயம். ரத்தத்தில் கால்சிடோனின் வெகுவாக ஏறியிருந்தால் மெடுல்லரிப் புற்றைச் சந்தேகிப்பார்கள். அது சில குடும்பங்களில் ரெட் என்ற ஜீன் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வருவது. தைரோகுளோபுலின் சோதனைக்கு ஆபரேஷனுக்கு முன் அவ்வளவு மதிப்பில்லை. சுரப்பியை முழுதும் நீக்கிய பிறகே அது பேசும்.

எல்லோருடைய கழுத்தையும் படம் எடுத்துவிடலாமே என்று தோன்றும். தென் கொரியாவில் அப்படித்தான் ஆயிற்று. 1993-ல் இருந்ததைப்போல் 2011-ல் 15 மடங்கு தைராய்டுப் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. சாவு எண்ணிக்கையோ குறையவில்லை. சாகும்வரை தொல்லை தராத சின்னஞ்சிறு புற்றுகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்து, தினசரி மாத்திரைக்கு ஆளானார்கள்.

நம் கொல்லிமலைத் தாய்க்கு இரண்டாம் வகுப்பு என்று அறிக்கை வந்தால் கத்தி வேண்டியதில்லை. டாக்டர் குறிப்பிடும் தவணையில், அநேகமாக ஓரிரு வருஷத்தில், மறுபடி ஒலிப் படம் எடுத்தால் போதும். குரல் கம்மினாலோ, கட்டி வேகமாக வளர்ந்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ தவணைக்குக் காத்திராமல் இறங்கிவிட வேண்டும். நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது பழைய அறிக்கையையும் எடுத்துப் போவது நல்லது; புதிய டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.