வலங்கையும் இடங்கையும்

தனியே இருக்கும் மனிதன் நியாயம் பேசுவான். கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் கட்சி பேசுவான். பள்ளிக்கூட மைதானத்தில் சீட்டுப் போட்டுப் பிரித்த இரண்டு அணிகள்கூட, ஆட்டம் முடிவதற்குள் தர்மம் தம் பக்கமே இருப்பதாக நம்பத் தொடங்கிவிடுகின்றன. உபாத்தியாயர்களாகிய நாம் இதை நாள்தோறும் காண்கிறோம்.

ஹென்றி டாஜ்ஃபெல் என்னும் மனோதத்துவ அறிஞர், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்து, 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். இன்ன ஓவியரின் படத்தை விரும்புகிறவர்கள் என்று பெயரளவுக்கு ஒரு காரணம் சொல்லிச் சிறுவர்களை இரண்டாகப் பிரித்தார். உண்மையில் மனம்போனபடிதான் பிரித்திருந்தார். பிறகு மற்றவர்களுக்குக் காசு பகிர்ந்தளிக்கச் சொன்னார். தம் அணியார் பெறுவது குறைந்தாலும் குறையட்டும், எதிரணியாரைவிட அதிகமாகப் பெற்றால் போதும் என்ற முறையிலேயே சிறுவர்கள் பெரிதும் பகிர்ந்தார்கள்!

சிறுவர் செய்தது இது. பெரியவர்கள் செய்ததை அறியக் கள்ளக்குறிச்சிச் சீமைக்கு வருவோம். மேற்கே கல்வராயன் மலை அரணாக நிற்கிறது. வடகிழக்கே பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர் இருக்கிறது. சங்க காலத்தில் இது மலையமான்களின் நாடு. மூவேந்தரும் போருக்கு முன் இவர்களுடைய துணையை நாடினார்கள். தேர்வண்மலையன் சோழனுக்குத் துணை நின்ற போரில், வென்றவனும் தோற்றவனும் ஒருங்கே அவனையே காரணமாகக் கூறினார்கள் என்று புறநானூறு சொல்கிறது. அதைவிடப் பெரிய புகழ் வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தப் புகழுக்கு விலையும் உண்டு. மலையமான் திருமுடிக்காரி சேரன் பக்கம் சேர்ந்து, கொல்லிமலை ஓரியைக் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூர்மீது படையெடுத்து வென்றான். அந்த அதியமானைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். மலையாண்ட சிறு மன்னர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ள, லாபம் பெருவேந்தனுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னொரு சமயம், மலையமானின் குழந்தைகளை யானையின் காலில் இடச் சோழன் கிள்ளிவளவன் துணிந்தான். கோவூர் கிழார் என்ற புலவர் குறுக்கே நின்று பேசியதால் அவர்கள் பிழைத்தார்கள். தகப்பன் சேர்ந்த பக்கத்துக்குப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

மன்னர்களை விட்டுக் குடிகளைப் பார்ப்போம். சோழர் காலந்தொட்டுத் தமிழ்நாட்டில் ஜாதிகள் பலவும் வலங்கை, இடங்கை என்று இரு பிரிவாக நின்றன. ஒவ்வொன்றிலும் தொண்ணூற்றெட்டு ஜாதிகள் என்பது வழக்கு. கள்ளக்குறிச்சிப் பகுதியைச் சேர்ந்த வரஞ்சரத்தில், 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நத்தமக்கள் என்ற குடியினர் இடங்கையாருடன் சேர்ந்துகொண்ட உடன்பாடு கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. கட்சி சேருவது அவர்களுக்கு விளையாட்டல்ல. சோழப் பேரரசு தளர்ந்துவந்த காலத்தில் துணையில்லாத குடிக்கு அது உயிர்க்காப்பு. பக்கம் சேரும் குணத்தை முற்றும் பழிக்க நமக்கு உரிமையில்லை.

இரு நூற்றாண்டுகள் கழிந்தன. விஜயநகரத்து இரண்டாம் தேவராயர் ஆட்சியில், 1429-இல், அதிகாரிகளும் ஜீவிதக்காரரும் வரிக்கொடுமை செய்தார்கள். அப்போது நடந்ததுதான் அதிசயம். விருத்தாசலம் கோயிலில் வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஒன்றாகக் கூடின. கொடுமை செய்வோருக்கு ஒருவரும் இடங்கொடுக்கக் கூடாது, கணக்கெழுதக் கூடாது, மீறுபவன் துரோகி என்று தீர்மானித்துக் கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். அதே ஆண்டில் தஞ்சைச் சீமையில் கொறுக்கைக் கல்வெட்டு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மண்டலத்தார் ஒற்றுமையின்றி இருந்ததனாலேயே அநியாயத்துக்கு ஆளானோம், இனி விளைச்சலுக்கு ஏற்ற நியாயமான வரியையே செலுத்துவோம் என்பது அதன் கருத்து. ஒத்துழையாமை என்பதை நம் குடியானவர்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்!

அந்த அறிவு நிலைத்ததா? நிலைக்கவில்லை. 1707-இல் சென்னைப் பட்டணத்தில் இந்த இரு கையாரும் எந்தத் தெருவில் யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம் என்று சண்டையிட்டார்கள். வலங்கையார் பலர் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்குக் குடிபோனார்கள். கம்பெனி கவர்னர் தாமஸ் பிட் தெருக்களைப் பிரித்து வழக்குத் தீர்க்க முற்பட்டார். வரி கேட்டவனை எதிர்த்து ஒரே சுவரில் சாசனம் எழுதிய இரு கையாரின் வழியினர், ஊர்வலத்துக்காகக் கடல் கடந்து வந்த வர்த்தகனை மத்தியஸ்தனாக்கினார்கள். பிறர் நம்மை ஆளுவதற்குப் பீரங்கியும் வேண்டுமா?

இன்று வலங்கையார் யார், இடங்கையார் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். உயிரைக் கொடுத்துக் காத்த பிரிவு பெயரின்றி மறைந்துவிட்டது. ஆனால் நெஞ்சிலுள்ள குணம் மறையவில்லை; அது புதுப்புதுப் பெயர்களைச் சூடிக்கொண்டு ஒவ்வொரு தலைமுறையிலும் வாசலுக்கு வருகிறது. அது வரும்போது, நீ எந்தக் கட்சி என்ற கேள்விக்கு நம் பிள்ளைகள் அவசரப்பட்டுப் பதில் சொல்லவேண்டாம். இந்தச் சண்டையின் விளைச்சல் யாருடைய களஞ்சியத்துக்குப் போகிறது என்று முதலில் அவர்கள் விசாரிக்கட்டும். விருத்தாசலத்தில் கூடியவர்கள் எழுத்தறியாத உழவர்களையும் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டே அதை விசாரித்தார்கள். படித்த நம்மால் முடியாதா?