‘தற்காலிகம்’ என்கிற சொல் குறித்து

வாழப்பாடியில் தெரிந்தவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவரிடம் ஊர் எது என்று கேட்டேன். “தம்மம்பட்டிப் பக்கம், முகாமுங்க” என்றார். பிறந்தது? “ஆத்தூர் ஆஸ்பத்திரிதாங்க, தொண்ணூத்தொண்ணுல.” இலங்கையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் சட்டத்தின் கணக்கில் அவர் அந்நியர். எங்கிருந்தும் வராமலே அந்நியராகிவிட்டவர்.

எப்படி என்று பார்ப்போம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராயினும், பிறப்பாலேயே குடிமகன். விதிவிலக்கு தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலருக்குத்தான். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது. மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. நம் பெயிண்டருக்கு ஐந்து வயது மூத்த அக்கா ஒருத்தி இங்கே பிறந்திருந்தால் அவள் இந்தியக் குடிமகள், தம்பி அந்நியன். கற்பனைக் கணக்கு இல்லை இது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 2024இல் அவர் முதல்முறையாக ஓட்டுப் போட்டார்.

பிறப்பு வழி அடைபட்டவருக்குச் சட்டத்தில் இன்னொரு வழி உண்டு: இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தால் விண்ணப்பிக்கலாம் என்பது. மொத்தம் 12 ஆண்டு. 1983இலும் 1990இலும் படகேறி வந்தவர்கள் இதை எப்போதோ தாண்டிவிட்டார்களே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் கண்ணி இருக்கிறது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம், செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்தவரையும், விசாக் காலம் முடிந்தும் தங்கியவரையும் ஒரே பெயரால் அழைத்து அந்த வழியை மூடியது. எரியும் ஊரிலிருந்து ஓடிவந்தவன் விசா வாங்கிக்கொண்டா வருவான்? ஆக, நாற்பது வருஷ வாழ்க்கை சட்டத்தின் முன் பூஜ்யம். உதவித்தொகைக்கு முன் தணிக்கை வரும், ஆள் நேரில் நிற்க வேண்டும். ஆள் இருக்கிறானா என்று தவறாமல் எண்ணுகிற அதே அரசு, அவன் இருந்த ஆண்டுகளை எண்ண மறுக்கிறது. ‘தற்காலிகம்’ என்பது ஒரு கால அளவு அல்ல, ஓர் அதிகார உறவு என்று நான் சொல்வது இதனால்தான்.

துபாயிலும் குவைத்திலும் இருபது வருஷம் உழைத்துவிட்டுத் திரும்புகிற நம்ம ஊர் ஆட்களுக்கு இது புரியும். அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கும் புரியும். ஒரு நாட்டுக்கு ஏழு சதம் என்ற உச்சவரம்பால் அங்கே இந்தியர்களின் வரிசை நகர்வதே இல்லை. ஆனால் அவர்களுக்குத் திரும்பிவர ஒரு வீடு, ஒரு கடவுச்சீட்டு இருக்கிறது. ஹன்னா அரெண்ட் 1937 முதல் 1951 வரை நாடற்றவராக இருந்தவர். உரிமைகள் இருப்பதற்கே முதலில் ஓர் உரிமை தேவைப்படுகிறது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

முகாம்களில் இன்று இருக்கும் ஏறத்தாழ 58,000 பேரில் கணிசமானோர் மலையகத்தார். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா எழுதிக் கொடுத்ததே, அந்த மக்களின் வாரிசுகள். இங்கிருந்து தேயிலைக்குக் கூட்டிப்போகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர். படகில் வந்ததால் சட்டவிரோதிகள். 2019 ஜூனில் மதுரைக் கிளை இவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லிக் காத்திருப்பை ஐந்தாண்டாகக் குறைத்தது. இலங்கை அதில் இல்லை.

மாநில அரசு 2021இல் முகாமுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது, புது வீடுகளும் கட்டுகிறது. வேண்டாமென்று யார் சொல்வார்கள்? ஆனால் குடியுரிமை தரும் அதிகாரம் டில்லியிடம். 2025 செப்டம்பரில் டில்லி ஓர் ஆணை போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டோ விசாவோ இல்லை என்பதற்காகத் தண்டிக்க மாட்டார்கள். குடியுரிமை பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

இதைப் பெயிண்டரிடம் சொன்னேன். “அப்ப ஜெயில் இல்லீங்க” என்றார். பிறகு, “பாஸ்போர்ட் எடுக்கலாமுங்களா?”

முடியாது என்று சொல்லவேண்டியிருந்தது.