கிண்ணத்தில் மூவிலை, பின்னால் 2 லட்சம் வேலை: அமெரிக்காவிடம் அயர்லாந்து ஏன் இவ்வளவு கவனமாகப் பேசுகிறது?

ஒவ்வொரு மார்ச்சிலும் அயர்லாந்து பிரதமர் வெள்ளை மாளிகைக்குப் போய், ஷாம்ராக் எனும் மூவிலைச் செடி வைத்த கிண்ணத்தை அமெரிக்க அதிபரிடம் கொடுப்பார். 1952-ல் ஐரிஷ் தூதர் ஒருவர் அதிபர் ட்ரூமனுக்கு ஷாம்ராக் அனுப்பியதில் தொடங்கிய பழக்கம் இது. பார்க்க சும்மா போட்டோ நிகழ்ச்சி மாதிரிதான் இருக்கும். ஆனால், சுமார் 54 லட்சம் பேர் வாழும் ஒரு குட்டி நாட்டுக்கு இது பெரிய வாய்ப்பு.

அப்படி என்ன இருக்கு அயர்லாந்தில்?

ஆப்பிள் 1980-லேயே கார்க் நகருக்கு வந்துவிட்டது. கூகுள், மெட்டாவின் ஐரோப்பியத் தலைமையகங்கள் டப்ளினில் இருக்கின்றன. ஃபைசர், எலி லில்லி மருந்து ஆலைகள் கார்க் பகுதியில். போடாக்ஸ் தயாராவது வெஸ்ட்போர்ட் என்ற சின்ன ஊரில். அமெரிக்க நிறுவனங்கள் நேரடியாகத் தரும் வேலை மட்டும் சுமார் 2 லட்சம்.

இவர்களை இழுத்தது 12.5% நிறுவன வரி, ஆங்கிலம் பேசும் ஊழியர்கள், ஐரோப்பியச் சந்தை. (பெரிய நிறுவனங்களுக்கு 2024 முதல் குறைந்தபட்ச வரி 15%.)

சிக்கல் எங்கே?

அரசின் நிறுவன வரி வருமானத்தில் பெரும்பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில அமெரிக்க நிறுவனங்களிடமிருந்து வருகிறது. அதில் ஒன்று கிளம்பினாலே பட்ஜெட் ஆட்டம் காணும்.

2025 மார்ச் 12-ல், பிரதமர் மீஹோல் மார்ட்டினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, 'எங்கள் மருந்துத் தொழிலை அயர்லாந்து எடுத்துக்கொண்டது' என்ற தொனியில் பேசினார் ட்ரம்ப். மார்ட்டின் மல்லுக்கு நிற்கவில்லை. ஐரிஷ் நிறுவனங்களான ரயன்ஏரும் ஏர்கேப்பும் போயிங் விமானங்களை வாங்கிக் குவிப்பதை நினைவூட்டினார். 'நாங்களும் உங்களுக்கு வேலை தருகிறோம்' என்பதுதான் அதன் அர்த்தம்.

நேரடியாக டீல் போட முடியாதா?

முடியாது. வர்த்தக ஒப்பந்தம் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரம். அதனால் அயர்லாந்து இரண்டு பக்கமும் பேசுகிறது. 2025 ஏப்ரலில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சைமன் ஹாரிஸ் வாஷிங்டன் போய் அமெரிக்க வர்த்தக அமைச்சரைச் சந்தித்தார். கூடவே, பிரஸ்ஸல்ஸ் பேச்சுவார்த்தையில் மருந்துத் துறையைக் காக்கச் சொன்னது. ஆகஸ்ட் மாத கூட்டறிக்கையில், மருந்துகளுக்கான அமெரிக்க வரி 15%-ஐத் தாண்டாது என்ற உறுதி கிடைத்தது.

இதற்கு விலை?

ஆப்பிள் தர வேண்டிய 1,300 கோடி யூரோ வரி பாக்கியை 'எங்களுக்கு வேண்டாம்' என்று அயர்லாந்தே கோர்ட்டில் வாதாடியது! 2024 செப்டம்பரில் தோற்ற பிறகுதான் பணம் அரசுக்கு உறுதியானது.

அடுத்த சோதனை வெளியுறவுக் கொள்கையில். பாலஸ்தீனப் பகுதிகளில் உள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்களின் பொருட்களுக்குத் தடை விதிக்கும் மசோதாவை அயர்லாந்து அரசு 2025-ல் முன்வைத்தது. 'இது அங்குள்ள அமெரிக்க நிறுவனங்களைப் பாதிக்கும்' என அமெரிக்க எம்.பி.க்கள் சிலர் எச்சரித்தனர். உள்நாட்டில் மசோதாவுக்கு ஆதரவு பலமாக இருக்கு. மனசாட்சியா, முதலீடா என்று கேட்டால் டப்ளினால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையே, வரிப்பணம் கொட்டும்போதே 2024-ல் இரண்டு சேமிப்பு நிதிகளை உருவாக்கியிருக்கிறது அயர்லாந்து. நல்ல உறவு என்றைக்கும் நீடிக்கும்னு அவங்களே நம்பிக்கொண்டு உட்காரவில்லை என்பதற்கு இது சாட்சி.