மணலில் எழுதிப் பழகிய வெள்ளைக்காரர்

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடம் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். தரையில் மணலைப் பரப்பி, ஆள்காட்டி விரலால் 'அ', 'ஆ' எழுதிப் பழகவேண்டும். நானும் சிறு வயதில் விரல் சிவக்க எழுதியவன்தான். அப்படிச் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டார் ஒரு ஜெர்மானியர்!

அவர் பெயர் சீகன்பால்கு. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடி அப்போது டென்மார்க் நாட்டினர் வசம் இருந்தது. டென்மார்க் மன்னர் அனுப்ப, கிறிஸ்தவ சமயத்தைப் பரப்புவதற்காக 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கப்பலில் வந்து இறங்கினார். வயது சுமார் 24.

வரும்போது அவர் மனதில் என்ன இருந்தது தெரியுமா? இங்குள்ள மக்கள் படிப்பு வாசனை இல்லாதவர்கள், இவர்கள் பேச்சுக்கு இலக்கணமே இருக்காது என்ற எண்ணம்தான். இதை அவரே பின்னால் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்.

வயதான ஒரு வாத்தியாரை, அவருடைய பள்ளிக்கூடத்தையே தம் வீட்டில் வந்து நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் எழுதினார். எழுத்து பிடிபட்டதும் ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். நூறுக்கும் மேல் சேர்ந்துவிட்டது! 1708-இல் அவற்றுக்கு ஒரு பட்டியலும் எழுதினார். அதே ஆண்டில் கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். ஆமாம், நீங்கள் மனப்பாடம் செய்கிற அதே கொன்றை வேந்தன்தான்!

இன்னொன்றும் செய்தார். திருமணம், மருத்துவம், வழிபாடு என்று பல விஷயங்களைக் கேட்டுத் தமிழர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர்களும் பொறுமையாகப் பதில் எழுதினார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியை யாராவது எழுதி வைப்பார்களா? வெளியூர்க்காரர் ஒருவர் 'ஏன்?' என்று கேட்டதால்தான் அன்றைய வாழ்க்கை நமக்கு எழுத்தில் கிடைத்திருக்கிறது. இப்படி 99 கடிதங்கள் ஜெர்மனியில் அச்சாகியிருக்கின்றன.

எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றும் அவர் கேட்டார். நம்மவர்கள் விடுவார்களா? 'உங்கள் ஆட்கள் மது குடிக்கிறார்கள், சுத்தபத்தமாக இருப்பதில்லை' என்ற பொருளில் பட்டென்று எழுதிவிட்டார்கள். அதையும் மறைக்காமல் மொழிபெயர்த்து அனுப்பினாரே, அதுதான் எனக்குப் பிடித்தது. (அவர் தரங்கம்பாடியில் அச்சகம் வைத்துத் தமிழில் புத்தகம் அச்சிட்டது தனிக் கதை.)

நம் மக்கள் வணங்கும் தெய்வங்களைப் பற்றி, ஊர்க்காவல் தெய்வங்கள் உட்பட எல்லாவற்றையும் விசாரித்து, 1713-இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அச்சிடுவதற்காக ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கே பொறுப்பில் இருந்த பிராங்கே என்பவருக்கு அது பிடிக்கவில்லை. 'இந்த நம்பிக்கைகளை அகற்றத்தானே உங்களை அனுப்பினோம்? அவற்றை ஐரோப்பாவில் பரப்புவதற்கா?' என்ற கருத்தில் அச்சிட மறுத்துவிட்டார். கைப்பிரதி அப்படியே கிடப்பில் போடப்பட்டது.

1719-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 36தான். அந்தப் புத்தகத்தை அவர் அச்சில் பார்க்கவே இல்லை. அவர் இறந்து 148 ஆண்டுகள் கழித்து, 1867-இல் அது அச்சேறியது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஜெர்மனியில் அல்ல, நம் சென்னையில்!