ரேடியோவுக்கு எத்தனை அடி வயர் கட்ட வேண்டும்?

மழைக்காலம் தொடங்கினால் லயத்துக்கு லயம் ஒரே பேச்சுத்தான். "ரேடியோ சரியா இழுக்குது இல்ல, இரைச்சல்தான் வருது" என்பார்கள். உடனே வீட்டுப் பையன் ஒருவன் தகரக் கூரையில் ஏறி, ஒரு சுருள் வயரை இழுத்துக் கட்டிவிடுவான். அப்படியும் இரைச்சல் போகாது. "இன்னும் பத்தடி போடு" என்று கீழேயிருந்து பெரியவர் சத்தம் போடுவார்.

நாங்கள் லயங்களுக்குப் போகும்போது இதை அடிக்கடி பார்க்கிறோம். வயர் நீளமாக இருந்தால் ரேடியோ நன்றாக இழுக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். எப்.எம். நிகழ்ச்சிகளுக்கு அது சரியில்லை. அதற்கு வேண்டியது நீள வயர் அல்ல, அளவான வயர்.

கணக்கு எப்படி வருகிறது?

ரேடியோ அலை ஒரு செக்கனில் 3 லட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. டயலில் 100 என்று இருந்தால், அந்த நிலையத்தின் அலை ஒரு செக்கனில் 10 கோடி தடவை அதிர்கிறது என்று பொருள். தூரத்தை அதிர்வால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் 3 மீற்றர். அந்த நீளத்தில் நாலில் ஒரு பங்கு வயர் இருந்தால் அலை அதில் நன்றாகப் பிடிபடும். அது 75 சென்ரிமீற்றர். ஆனால் உண்மையான வயரில் நூற்றுக்கு ஐந்து போலக் குறைத்து வெட்டினால்தான் பொருந்தும்.

இவ்வளவையும் மனதில் வைக்கத் தேவையில்லை. 7150 என்ற எண்ணை டயலில் உள்ள எண்ணால் வகுங்கள். வருவதுதான் வயரின் நீளம், சென்ரிமீற்றரில். ஆறாம் ஆண்டு படிக்கிற பிள்ளையும் செய்து காட்டும்.

டயலில் 90 என்றால் 79 செ.மீ.
95 என்றால் 75 செ.மீ.
100 என்றால் 71½ செ.மீ.
105 என்றால் 68 செ.மீ.

எல்லாமே இரண்டரை அடி சுமார்தான். ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் குடி முழுகிப் போகாது. பல நிலையங்கள் கேட்பவர்கள் 71 செ.மீ. வைத்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் அந்தக் காலத்தில் பெரியவர்கள் ஏன் நீள வயர் கட்டினார்கள்? அவர்கள் கேட்டது சிற்றலை. 6 மெகா ஹேர்ட்ஸ் நிலையத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 12 மீற்றர் போல வரும். அவர்கள் செய்தது சரி. இப்போது அலை மாறிவிட்டது, பழக்கம் மட்டும் மாறவில்லை.

எங்கே, எப்படிக் கட்டுவது?

இழுக்கிற ஏரியல் கம்பி உடைந்த ரேடியோவுக்கு இது நல்ல கைமருந்து. கரண்டில் ஓடுகிற ரேடியோவானால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். வயரின் நுனியில் தோலைச் சீவி, மிஞ்சியிருக்கிற கம்பியில் இறுக்கிச் சுற்றுங்கள். தகரக் கூரை அலையை மறிக்கும். அதனால் ரேடியோவை ஜன்னல் பக்கமோ வாசல் பக்கமோ வைத்து, வயரை நிலையில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். நேராகவும் படுக்கையாகவும் வைத்துப் பாருங்கள், எது தெளிவோ அப்படியே விடுங்கள். எப்.எம். அலை மலையைச் சுற்றி அவ்வளவாக வளைந்து வராது. பள்ளத்து லயங்களில் இடம் மாற்றிப் பார்ப்பதுதான் வழி. கைத்தொலைபேசியில் ரேடியோ கேட்பவர்கள் காதில் மாட்டுகிற வயரைச் செருகுங்கள். அதுதான் அதற்கு ஏரியல்.

கவனம்! வயரைக் கரண்ட் லைனுக்கு மேலாகவோ பக்கத்திலோ எறியாதீர்கள். உரசினால் உயிர் போகும். இரண்டரை அடி வயருக்குக் கூரையும் ஏறத் தேவையில்லை, போஸ்ட்டும் ஏறத் தேவையில்லை. மின்னல் இடி வரும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு பற்றரியில் கேளுங்கள். வெளியே வயர் கட்டியிருந்தால், மின்னல் தொடங்குமுன்பே அதைக் கழற்றிவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறோம்?

பாட்டுக் கேட்க மட்டும் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பல இடங்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அப்படியான இரவில் மண்சரிவு எச்சரிக்கையை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடியது பற்றரி ரேடியோதான். போன் வேலை செய்தால் 117க்கு எடுத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் கேட்கலாம்.

ஆகவே மழை பிடிக்குமுன் இந்த ஞாயிற்றுக்கிழமையே ரேடியோவை எடுத்துத் துடையுங்கள். பற்றரி இரண்டு வாங்கி வையுங்கள். கணக்கைப் பிள்ளையிடம் கொடுத்து வயரை அளந்து வெட்டச் சொல்லுங்கள். பக்கத்துக் காம்பராவில் ரேடியோ இல்லாவிட்டால், எச்சரிக்கை கேட்டதும் கதவைத் தட்டிச் சொல்வது நம் எல்லோருடைய பொறுப்பு.