மணக்கிற தண்ணீரும் மனதில் வந்த பயமும்

அன்புவழிபுரத்தில் மகளிர் சங்கக் கூட்டம் முடிந்து புறப்படும்போது ஓர் அம்மா என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, குழாய்த் தண்ணியில குளோரின் மணக்குது. அது புற்றுநோயைக் கொண்டு வருமாம். பேரனுக்கு இப்ப கிணத்துத் தண்ணிதான் குடுக்கிறன்."

பேரன் வயிற்றோட்டத்தால் இரண்டு நாள் சோர்ந்து கிடந்ததையும் அவரே சொன்னார்.

"கொதிக்க வைச்சனீங்களோ அம்மா?"

"விறகுக்கு எங்க பிள்ளை போறது?"

போர்க்காலத்தில் முகாம்களில் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது எங்கள் பெண்களுக்குக் கேள்வி கேட்க வழியிருக்கவில்லை. இன்று கேட்கிறார்கள். அது நல்லது. பதிலையும் முழுமையாக அறிந்துகொள்வோம்.

திருகோணமலைக்குக் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. எந்தக் குளத்து நீரிலும் உக்கிய இலை, பாசி என்பவற்றின் கூறுகள் கரைந்திருக்கும். கிருமிகளைக் கொல்ல இடும் குளோரின் இவற்றுடன் சேரும்போது ட்ரைஹலோமெதேன் என்னும் துணைப்பொருட்கள் உண்டாகின்றன. குளோரோபோம் அவற்றில் ஒன்று. 1974 இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் ஆய்வாளர் றூக் இதனை வெளிப்படுத்தினார்.

ஆகவே அந்த அம்மா கேள்விப்பட்டது முழுப் பொய்யல்ல. இவை கூடுதலாக உள்ள நீரைப் பல பத்தாண்டுகள் குடித்தவர்களிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்பட்டதாக ஆய்வுகள் கூறுகின்றன. குளோரோபோம் ஒரு லீற்றரில் 0.3 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனால் இதற்கு அஞ்சிக் கிருமிநீக்கத்தைக் கைவிடக்கூடாது என்றும் அதே நிறுவனம் வலியுறுத்துகிறது. 1991 இல் பெரு நாட்டில் வாந்திபேதி பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஒழுங்காகக் குளோரின் இடப்படாத குடிநீரும் அதற்கு ஒரு காரணம். துணைப்பொருளின் ஆபத்து சிறியது, ஆண்டுக்கணக்கில் வருவது. கிருமியின் ஆபத்தோ இன்றிரவே பிள்ளையைப் படுக்கையில் போடும்.

சகோதரிகளே, நாம் செய்யக்கூடியவை இவை:

• குழாய்நீரை மூடி திறந்த பாத்திரத்தில், காற்றோட்டமான இடத்தில் கொதிக்க வையுங்கள். குளோரோபோம் பெருமளவு ஆவியாகிவிடும். ஆறியபின் மூடி வையுங்கள்.

• கிணற்றுக்குக் குளோரின் இடுமுன் இலைகுழைகளை அகற்றுங்கள். எவ்வளவு இடுவதென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

• விறகில்லாத நாளில் கிணற்றுநீரைப் பச்சையாகக் கொடுப்பதைவிட, மணக்கிற குழாய்நீரே பாதுகாப்பு.

கடைசியாகச் சொன்னதைத்தான் அந்த அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னேன்.

"அப்ப மணம் நல்லதுக்குத்தான் எண்டுறீர்" என்றார் அவர்.

"ஓம் அம்மா, காவலுக்கு ஆள் நிக்குது எண்டு நினையுங்கோ" என்றேன்.