தொடக்கப் பள்ளிகளுக்கு எட்டாத மனநல ஆலோசகர்கள்

புது தில்லி: பொதுத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் மாணவர்களின் மன அழுத்தம் பற்றி நாடெங்கும் பேசப்படுகிறது. ஆனால், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்று வலி என்று நாள்தோறும் அழும் இரண்டாம் வகுப்புக் குழந்தையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சக மாணவனின் மிரட்டல், வீட்டில் ஓயாத சண்டை, எழுத்துகளை அடையாளம் காண்பதில் சிரமம் என அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றை எடுத்துச் சொல்லத் தெரியாத வயது அது.

வளர்ந்த மாணவர் ஆலோசகரைத் தாமே நாடிச் செல்லக்கூடும். சிறு குழந்தையை ஆலோசகர்தான் நாடிச் செல்ல வேண்டும். படம் வரையச் செய்தும், உடன் விளையாடியும் அதன் மனத்தை அறிந்து, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் வழிகாட்டுவது அவரது பணி. பாலியல் கொடுமை நேர்ந்தது தெரியவந்தால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிக்கும் கடமையும் அவருக்கு உண்டு.

எனினும், விதிகளும் ஆய்வுகளும் பெரிய வகுப்புகளைச் சுற்றியே அமைந்துள்ளன. சிபிஎஸ்இ 2018-ல் வெளியிட்ட இணைப்பு விதிகள் ஆலோசகரைக் கட்டாயமாக்கின. ஆனால், அவர் முழுநேரமா, பகுதிநேரமா என்பதை 9 முதல் 12-ம் வகுப்பு வரையிலான மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே நிர்ணயித்தன. மாணவர்களின் மனநலம் குறித்து என்.சி.இ.ஆர்.டி. 2022-ல் சுமார் 3.79 லட்சம் பேரிடம் நடத்திய ஆய்வு, 6-ம் வகுப்பிலிருந்தே தொடங்கியது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, நூலகம் ஆகியவற்றை வரையறுத்தது. ஆலோசகர் அந்தப் பட்டியலில் இல்லை.

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25-ல் அளித்த தீர்ப்பு இந்நிலையை மாற்ற வழி திறந்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் பயிலும் எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா உத்தரவிட்டனர். இதில் வகுப்பு வேறுபாடு இல்லை. அதற்கும் சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள மனநல நிபுணர்களுடன் முறையான தொடர்பு வைத்துக்கொண்டால் போதும்.

சிக்கல் இங்குதான் எழுகிறது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஏராளமானவை 100 மாணவர்களை எட்டாதவை. அருகில் நிபுணரே இல்லாத ஊரில் தொடர்பு என்பது காகிதத்தோடு நின்றுவிடும். அண்டைப் பள்ளிகள் ஓர் ஆலோசகரைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனை 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலேயே உள்ளது. அதற்குப் பணியிடமும் ஊதியமும் ஒதுக்கப்பட வேண்டும்.

கல்வி பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்திய அரசும் மாநில அரசுகளும் இப்பொறுப்பை ஒருவர் மீது ஒருவர் சுமத்தித் தப்ப இயலாது. குழந்தை 9-ம் வகுப்பை எட்டும்வரை அதன் துயரம் காத்திருக்காது.